வரைபடத்தில் நான் தொட்ட ஏரி

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்த இரும்புத் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் நின்றவர் ஒரு டேனிஷ்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கதை குறைவு. மீனைப் பற்றி மட்டும் யாராவது வாய் திறந்தால் மெஷினை நிற்பாட்டிவிட்டுக் கதைப்பார். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அவரும் அவருடைய மச்சானும் கூடனோ ஆற்றுப் பக்கம் கானோவில் போவார்கள். ஏதாவது ஓர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, அங்கிருந்து சுற்றுவட்டாரமெல்லாம் மீன் பிடித்துவிட்டு ஒரு கிழமையில் தாடியோடு திரும்பி வருவார்கள்.

நான் அவர்களோடு சேர்ந்தது திட்டம் போட்டு அல்ல. விடுமுறைக்குத் தொழிற்சாலை மூடும் நாளில் எல்லோரும் தாங்கள் போகும் இடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நீ எங்கை போறாய்?" என்று அவர் கேட்டார். "அறையில இருப்பன்" என்றேன். அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். அடுத்த நாள் காலை அறைக் கதவு தட்டிக் கேட்டது. திறந்தால், காருக்கு மேலே கானோ கட்டியபடி அவரும் மச்சானும் நிற்கிறார்கள். எனக்கென்று ஒரு சோடி றப்பர் சப்பாத்தும் கொண்டுவந்திருந்தார்கள். அளவு பெரிது. காலுறை இரண்டு போட்டுச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் போனேன். கானோ என்பது நாங்கள் கடலில் பார்த்த வள்ளம் போன்றதல்ல. ஒடுங்கியது, மெல்லியது, ஒருவர் தும்மினால் மற்றவர் நனைவார். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை முதல் வருடம் நான் சொல்லவில்லை. வெட்கம். கடற்கரை ஊரிலிருந்து வந்தவன் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். கடற்கரை என் மனைவியின் ஊரில்தான் இருந்தது. நான் வெங்காயத் தோட்டக்காரரின் மகன்.

எந்த ஏரியில் கூடாரம் அடிப்பது என்பதை அவர்கள் தை மாதத்திலேயே தீர்மானிப்பார்கள். அவருடைய குசினி மேசையில் பெரிய வரைபடத்தை விரித்து, மூலைகளில் கோப்பிக் கோப்பைகளை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை நடக்கும். காடு மேற்கே இருக்கவேண்டும், காற்றை அது மறைக்கும். கரை மணலாக இருக்கவேண்டும். சேறென்றால் கானோவை இழுத்து முதுகு முறியும். நாணல் கிட்ட இருக்கவேண்டும், ஏனென்றால் கெட்டே என்ற நீண்ட வாய்க்கார மீன் நாணலுக்குள்தான் பதுங்கும். எல்லாவற்றிலும் முக்கியமாக, வீதி கண்ணில் படக்கூடாது. "வீதி தெரிஞ்சா அது காடில்லை" என்பார் அவர். அந்த நாட்டில் எந்தக் காட்டுக்குள் நடந்தாலும் ஒரு சிகரெட் முடியுமுன் யாருடையவோ மாட்டுப் பண்ணை வந்துவிடும். ஆனாலும் அவர்களுக்கு அது காடு. மச்சான் மொஸ்ஸோ ஏரி என்பார். அவர், அங்கே காற்று எழும்பினால் கானோ கவிழும் என்பார். நானும் பழகிய பிறகு ஒரு இடத்தைக் காட்டிப் பார்ப்பேன். "நீ சும்மா இரு. உனக்கு இந்தக் காற்றைப் பற்றி ஒண்டும் தெரியாது" என்று மூஞ்சியில் அடித்தமாதிரிச் சொல்லுவார். அது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே எல்லோரும் என்னோடு மிகவும் மெல்லமாக, நோயாளியோடு கதைப்பதுபோலக் கதைத்த காலம் அது.

நான் டென்மார்க்குக்கு வரும்போது என் மனைவி பிள்ளைத்தாச்சி. மகள் பிறந்ததைக் கடிதத்தில்தான் அறிந்தேன். எனக்கு வதிவிட அனுமதி கிடைத்த உடனேயே அவர்கள் இருவரையும் கூப்பிட விண்ணப்பித்தேன். எனக்கு முன்னே விண்ணப்பித்தவர்களின் குடும்பங்கள் வந்திருந்தன. என்னுடையது வரவில்லை. கேட்கப் போனால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அடுத்த முறையும் அதையே சொன்னார்கள். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நான் இங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போதும், பால் வாங்கும்போதும், அதையே யோசித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு கோடையில் ஏரிக்கரை நெருப்புக்கு முன்னால் இருந்தபோது அவரிடம் இதைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். திருமணப் பதிவு இருக்கிறதா, பிறப்புப் பத்திரம் கொடுத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், மனைவியின் பெயரை ஒரு பத்திரத்தில் ஒருமாதிரியும் இன்னொன்றில் வேறுமாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது என்று என் வாயிலிருந்து வந்தது.

"அதுதான்" என்றார். "அதிலதான் நிண்டிருக்கு. நீ பிழையா எழுதிப்போட்டாய். எங்கடை நாட்டில காரணம் இல்லாமல் ஒண்டும் நிற்காது."

அவர் அதைக் குத்திக் காட்டவில்லை. உதவி செய்யும் நோக்கத்தோடுதான் சொன்னார். திரும்பி வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த எழுத்தைத் திருத்தியும் தந்தார். எதுவும் நகரவில்லை. அடுத்த கோடையிலும் அதே நெருப்புக்கு முன்னால், "இன்னும் என்னவோ ஒண்டில பிழை விட்டிருக்கிறாய், யோசி" என்றார். நான் யோசித்தேன். இரவு பகலாக யோசித்தேன். என் கல்வி, என் எழுத்து, என் ஆங்கிலம் எல்லாவற்றிலும் எனக்கு வெட்கம் பிடித்தது. ஒரு பத்திரத்தை ஒழுங்காக நிரப்பத் தெரியாத ஒருவனுக்குத்தான் இவளைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று என்னை நானே திட்டினேன். மனைவிக்கும் அப்படியே எழுதினேன்: பிழை என்னுடையது, பெயர் எழுத்தில் பிழை விட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளும். அவளுடைய தமையன் அதற்குப் பதில் எழுதினார். ஒரு எழுத்துப் பிழைக்கு இத்தனை காலமா என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை வாசித்த பிறகு நான் ஊர்க்காரர் கூடும் இடங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

கடைசியில் மனைவியும் மகளும் வந்தார்கள். ஏன் அவ்வளவு காலம் போனது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் மகள் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என்னைக் காட்டி, "இவர் ஆர்?" என்று கேட்டாள். மனைவி அவளைக் கண்டிக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை.

அவர்கள் வந்து மூன்று வருடத்துக்குள், ஒரு தை மாதத்தில், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறை றேடியோவில் அந்தச் செய்தி வந்தது. நீண்ட விசாரணையின் அறிக்கை. எங்களுடைய குடும்பங்களின் விண்ணப்பங்கள் பிழையால் நிற்கவில்லை, அமைச்சரின் உத்தரவில் வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கப்பட்டன என்றது அது. அரசாங்கம் பதவி விலகியது. தமிழர் வழக்கு என்று எங்கள் பெயரே அந்த வழக்கின் பெயராகிவிட்டது. மேசையில் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பாணைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. என் பக்கத்து மெஷின்காரர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. எழும்பிப் போய்த் தன் கோப்பையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

சந்தோசம் வந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது வேறு. பஸ்ஸில் ஒரு முதிய பெண் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். முழு பஸ்ஸும் பார்த்தது. கடையில் வரிசையில் நின்ற ஒருவர், "இவங்களாலை அரசாங்கமே போச்சு" என்று காதில் விழும்படி சொன்னார். இரண்டு இடத்திலும் எனக்கு ஒரே மாதிரித்தான் முகம் சுட்டது. எதையோ களவெடுத்து அகப்பட்டவன்போல, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.

வழக்கம்போல அந்த மாதமும் குசினி மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். நான் போனேன். கோப்பிக் கோப்பைகளை மூலைகளில் வைத்துவிட்டு அவர் வரைபடத்தை என் பக்கமாகத் திருப்பினார்.

"இந்த முறை நீ தெரிவு செய்" என்றார். "எங்கையெண்டாலும் சரி. மனிசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா."

மச்சான் சூழ்நிலையை இலகுவாக்க நினைத்து, "உங்களுக்காக ஒரு அரசாங்கமே விழுந்துபோச்சு. ஒரு ஏரி என்ன பெரிசு?" என்றார். சொன்ன பிறகு அவரே கோப்பைக்குள் பார்த்தார்.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். பல கோடைகளாக எனக்கு ஆசையாக இருந்த ஓர் ஏரி இருந்தது. மேற்கே காடு, ஒரு மூலையில் மணல், வீதியே கிடையாது. கானோவைத் தோளில் சுமந்து கொண்டுபோகவேண்டும். விரல் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குக் கடன் திருப்பித் தருகிறவர்போல அவர் குந்தியிருந்தார். அந்த நேரத்தில் நல்லதை எடுத்தால் விழுந்த அரசாங்கத்தை வைத்து ஆதாயம் பார்த்தமாதிரி இருக்கும் என்று பட்டது. அகதியாக வந்த நாளிலிருந்து பழகிய பழக்கமும் அதுதான். யாருக்கும் கரைச்சல் இல்லாததைக் கேள். வீதி ஓரமாக, கரவான் நிறுத்தும் இடமும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஒரு சிறிய ஏரியைத் தொட்டேன்.

"இது" என்றேன். "பிள்ளைக்கு வசதி."

மச்சானின் வாய் திறந்தது. வேறு எந்த வருடமென்றாலும் என் காதைக் கிழித்திருப்பார்கள். அவர் மச்சானை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல இடம். திறமான இடம்" என்றார்.

அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை என்பது எனக்கு ஏதோ செய்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நான் சொன்ன ஏரிக்குத்தான் போறம்" என்றேன். அவள் பெருமைப்படுவாள் என்று நினைத்தேனோ தெரியாது. "தண்ணி, கக்கூஸ் இருக்கே?" என்று மட்டும் கேட்டாள்.

ஆவணியில் போனோம். ஏரித் தண்ணீர் பச்சைப் பெயின்ற்போலக் கிடந்தது. வெயிலுக்குப் பாசி பூத்திருந்தது. எங்கள் கூடாரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கரவான், அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டிலும் றேடியோ. வீதியில் லொறிகள் போவது படுத்திருக்கும்போது முதுகில் தெரிந்தது. கானோவை இறக்கித் துடுப்புப் போட்டால் துடுப்பில் பாசி மாலைபோலத் தொங்கியது. மூவரும் காலையிலிருந்து மதியம்வரை தூண்டில் எறிந்தோம். ஒன்றும் கடிக்கவில்லை. அவர் ஒவ்வொரு தரமும் முள்ளிலிருந்து பாசியைப் பொறுமையாகப் பிடுங்கிவிட்டு, "அமைதியான ஏரி" என்றார். பின்னால் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மச்சான் வானத்தைப் பார்த்தார். எனக்குக் கானோவோடு தாழ்ந்து போனால் நல்லது என்று இருந்தது. அந்த நேரம் நீந்தத் தெரியாதது ஒரு குறையாகவே தெரியவில்லை.

மகளுக்கு மட்டும் குறை ஒன்றும் இல்லை. கரவான் பிள்ளைகளோடு டேனிஷில் கத்திக்கொண்டு ஓடித் திரிந்தாள். மனைவி கூடார வாசலில் மடக்குக் கதிரையில் இருந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மீன் எங்கை?" என்று கேட்டாள். "நாளைக்கு" என்றேன்.

மறுநாள் காலை அவர் எங்களுக்கு முன்னே எழும்பித் தூண்டிலோடு போயிருந்தார். அவருடைய காரையும் நின்ற இடத்தில் காணவில்லை. மச்சான் எடுத்துக்கொண்டு பாண் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். பிறகு இருவரும் வீதிப் பக்கத்திலிருந்து ஒன்றாக நடந்து வந்தார்கள். அவருடைய வாளியில் நாலு மீன் கிடந்தது. நல்ல பெரிய ட்ரவுட்.

"அந்த முனையில கடிச்சுது" என்று அவர் என் மனைவியிடம் சொல்லி வாளியை அவள் காலடியில் வைத்தார்.

என் மனைவி மீன் ஏலம் கூறும் கரையில் வளர்ந்தவள். குனிந்து ஒரு மீனைத் தூக்கினாள். கண்ணைப் பார்த்தாள். செவுளைத் தூக்கினாள், அங்கே ஒன்றும் இல்லை. வயிறு ஏற்கெனவே கீறிக் கழுவித் துப்புரவாக இருந்தது. தமிழில் என்னைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, இது கடை மீன்" என்றாள்.

"பேசாமல் இரும்" என்றேன்.

அவள் பேசாமல் இருக்கவில்லை. அப்போது முதியோர் இல்லத்தில் வேலை செய்து கொஞ்சம் டேனிஷ் பிடித்திருந்தாள். சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்து அவரிடம் கேட்டாள். "இது கடை. நீ ஏன் பொய் சொல்லுறாய்?"

அவருடைய முகம் கழுத்துவரை சிவந்தது. ஐம்பதை எட்டிய மனிதர், றப்பர் சப்பாத்தோடு, பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளைபோல நின்றார். நான் அவரைப் பார்க்காமல் வாளியைப் பார்த்தேன்.

"நீ மீன் இல்லாமல் வீட்டை போகக்கூடாது எண்டு நினைச்சன்" என்றார். "இந்த ஏரியில மீன் இல்லை. எனக்கு அது தை மாசமே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லேல்லை?"

அவர் என்னைச் சுட்டினார். "இவனுக்கு நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது? நீ வராமல் இருந்த காலம் முழுக்க, பிழை உன்ரைதான், உன்ரைதான் எண்டு இவனுக்குச் சொன்னது நான். நெருப்புக்கு முன்னால இருத்தி வைச்சுச் சொன்னன்."

மனைவி என்னிடம் திரும்பினாள். மொழிபெயர்க்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு விளங்கியிருந்தது.

"எழுத்துப் பிழை எண்டு எழுதினீங்களே, அது இவர் சொன்னதே?"

"ஓம்."

"நீங்களும் நம்பினனீங்களோ?"

"ஓம்."

அவள் கையிலிருந்த மீனை வாளிக்குள் விட்டாள். கையைச் சேலையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "நான் நம்பேல்லை" என்றாள். "உங்களுக்கு இஞ்சை ஒருத்தி இருக்கிறாள் எண்டு நினைச்சனான். அண்ணையும் அப்பிடித்தான் நினைச்சவர். அம்மாவும். எழுத்துப் பிழை எண்டது சாட்டு எண்டு."

அவள் அதோடு நிற்கவில்லை. அவருக்கும் அது தெரியவேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. தன் உடைந்த டேனிஷில் அவரிடமும் சொன்னாள். "நானும். நான் நினைச்சன் இவருக்கு இங்கே பொம்பிளை. மூண்டு வருசம் நினைச்சன்."

கரவான் றேடியோவில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் குடும்ப விசயம் ஓர் ஏரிக்கரையில், மீன் வாளிக்கு மேலே, இரண்டு மொழியில் விரிந்து கிடந்தது. நான் ஒன்றும் செய்யாதவன். அவளும் ஒன்றும் செய்யாதவள். அந்த மனிதரும் தெரிந்த மட்டில் உதவி செய்தவர். ஆனால் மூன்று பேரும் தலையை நிமிர்த்த முடியாமல் நின்றோம். அந்த விண்ணப்பங்களை ஒதுக்கி வைத்தவர்கள் அந்த நேரம் எங்கோ வெயில் காய்ந்துகொண்டிருந்திருப்பார்கள். வெட்கம் எங்களுக்குத்தான் வந்து சேர்ந்தது.

கொஞ்சநேரத்துக்குப் பிறகு மச்சான் காருக்குப் போய் வரைபடத்தை எடுத்துவந்து மர மேசையில் விரித்தார். "இஞ்சை இருந்து பாசி பிடிக்கிறதோ, இல்லாட்டி வேறை இடம் போறதோ?" என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். முதலில் ஆசைப்பட்ட அந்த ஏரியைத் தொட்டேன்.

அவர் அருகே வந்தார். தொண்டையைச் செருமினார். "அது சரிவராது" என்றார். குரல் மெல்லத்தான் வந்தது. "அந்த மணல் போன மாரியில கரைஞ்சு போட்டுது. இப்ப வெறும் சேறு. பிள்ளையையும் தூக்கி, கானோவையும் தூக்கி ஆர் நடக்கிறது?"

"பிள்ளை நடப்பாள்" என்றேன்.

"நடக்கமாட்டாள். உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்? அவள் என்ரை பிள்ளை."

அவர் என்னை நேராகப் பார்த்தார். தை மாதத்துக்குப் பிறகு முதல்தரம். பிறகு, "சேறு எண்டா சேறுதான். உன்ரை பிள்ளை எண்டதுக்காக அது காயாது" என்றார். மச்சான் தன்னுடைய வழக்கமான மொஸ்ஸோவைத் தொடங்கினார். நானும் அவருமாக மச்சானை அடக்கினோம். கடைசியில் அவர் சொன்ன ஓர் ஏரிக்கே போவதென்று முடிந்தது. கடை மீனை மனைவி மிளகாய்த் தூள் பிரட்டிப் பொரித்தாள். பசியில் எல்லோரும் சாப்பிட்டோம். நல்ல மீன்தான்.

புதிய ஏரியில் நாங்கள் மிச்ச நாட்களை இருந்தோம். கெட்டே இரண்டு கிடைத்தது. மனைவி கானோவின் நடுவில் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்தபடி ஒரு தரம் வந்தாள். மகள் துடுப்புப் போட்டுப் பழகினாள். அவர் அவளோடு டேனிஷில் வேகமாகக் கதைத்தார், எனக்குப் பாதிதான் விளங்கியது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் ஒருபோதும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த தை மாதம் வரைபடம் மேசையின் நடுவில் கிடந்தது, யார் பக்கமும் திருப்பப்படவில்லை.

அந்த ஆவணியில் ஏரியிலிருந்து எங்கள் காரில் திரும்பி வரும்போது மகள் பின் சீற்றில் நித்திரை. ஸ்கெண்டர்போ தாண்டியிருப்போம். மனைவி வெளியே பார்த்துக்கொண்டு, "உண்மையா ஒருத்தரும் இருக்கேல்லைத்தானே?" என்று கேட்டாள்.

அறிக்கை வந்துவிட்டது. அரசாங்கம் போய்விட்டது. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவ்வளவுக்குப் பிறகும் அவள் அதைக் கேட்கவேண்டியிருந்தது.

"இல்லை" என்றேன்.

"ம்" என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னாள். பிள்ளைக்குக் காற்று அடிக்கிறதாம்.